வேட்டைக் களத்துக்கு மகளை அனுப்பும் முன்: எதை வாங்குவது, எதை விடுவது

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில், மெல்டன் மோப்ரேக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது. பிள்ளைகளுக்கான குதிரையேற்றச் சங்கமான போனி கிளப்பில் நான்கு வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். 14.2 ஹேண்ட் (சுமார் 147 செ.மீ.) உயரமுள்ள, கட்டுமஸ்தான காப் வகைக் குதிரை ஒன்று இந்தப் பருவத்துக்கு இரவலாகக் கிடைத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் உள்ளூர் வேட்டைக் குழு பிள்ளைகளுக்காக நடத்தும் மீட்டுக்கு, அதாவது வேட்டைக்குப் புறப்படும் கூட்டத்துக்கு, அவளை அழைத்திருக்கிறார்கள். தோழியின் அக்கா போட்டிருந்த கறுப்பு வெல்வெட் தொப்பி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், ஆனாலும் புதுசுபோல் இருக்கிறது. உள்ளே 'இஎன் 1384' என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைவியின் ஏர் வெஸ்ட்டை (விழும்போது வாயுவால் உப்பும் மேலங்கி) தருகிறேன், அது இருந்தால் பாடி ப்ரொடெக்டர் என்ற கனமான நுரைக்கவசம் தேவையில்லை என்கிறார். அங்கே பெரியவர்கள் பலர் கோட் மட்டும்தான் போடுகிறார்களாம். தான் மட்டும் கவசத்தோடு போய் நின்றால் கேலி செய்வார்களோ என்று மகள் தயங்குகிறாள். எங்கள் குடும்பத்தில் குதிரை ஏறிய முதல் ஆள் அவள்தான். எங்களுக்கு யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

பதில்: வெல்வெட் தொப்பியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏர் வெஸ்ட்டை இரவல் வாங்கலாம், ஆனால் பாடி ப்ரொடெக்டருக்குப் பதிலாக அல்ல. இந்த இரண்டையும்விட முந்திப் பார்க்க வேண்டிய ஒன்றை உங்கள் கடிதத்தில் யாருமே சொல்லவில்லை. அது அந்தக் காப் குதிரையின் சேணத்தில் தொங்கும் அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் களத்தைப் பற்றிக் கொஞ்சம். 2005 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவது குற்றம். இப்போது நடப்பது டிரெயில் ஹன்ட். முன்கூட்டியே இழுத்து வைத்த வாசனைத் தடத்தை நாய்கள் பிடித்துக்கொண்டு ஓட, குதிரைக்காரர்கள் பின்தொடர்வார்கள். இதையும் தடை செய்வோம் என்று லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னது. ஆகவே எந்த வகையில், எந்த நிலத்தில் நடத்துகிறார்கள் என்று குழுவின் செயலாளரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பாதுகாப்பு என்று வரும்போது போனி கிளப் மைதானத்துக்கும் இந்தக் களத்துக்கும் நிறைய வித்தியாசம். மைதானத்தில் ஒரு குதிரை, ஒரு தடை, இரண்டு நிமிட ஓட்டம். இங்கே முப்பது நாற்பது குதிரைகள் ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டு நிற்கும். நான்கைந்து மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டும். அதில் பாதி நேரம் குளிரில் சும்மா நிற்பது. திடீரென்று அரை மைல் பாய்ச்சல். பிறகு ஒரே ஒரு கேட்டில் எல்லோரும் நெருக்கியடித்து நுழைவது. வேலிக்கு அப்பால் பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டும்போது தார் ரோட்டில் திரும்பி வருவது. வேலி தாண்டும்போது விழுவதை மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கேட்டில் முன்னால் நிற்கும் குதிரை உதைப்பது, அங்கவடியில் கால் மாட்டிக்கொள்வது, முள் கண்ணில் குத்துவது, இருட்டில் கார் உரசுவது ஆகியவையும் அதே நாளில் நடக்கக்கூடியவைதான். எது எங்கே அடிக்கும் என்று யோசித்து வாங்கினால், காசும் சரியான இடத்தில் போகும்.

இனி தலைக்கவசம். இஎன் 1384 என்ற ஐரோப்பியத் தர எண்ணோடு பக்கத்தில் ஒரு ஆண்டும் இருக்கும். பழைய 1996, 2012 பதிப்புகளின் அங்கீகாரத்தை ஐரோப்பிய ஆணையம் 2014இல் விலக்கிக்கொண்டது. பிரிட்டனின் குதிரையேற்ற அமைப்புகள் 2016 தொடக்கத்திலிருந்து அவற்றை ஏற்பதில்லை. பத்து வருடத்துக்கு மேலான தொப்பி என்றால் அநேகமாக அந்தப் பழைய வகைதான். எண்ணை விட்டாலும், வயதே போதும் அதை ஒதுக்க. உள்ளே இருப்பது நெருக்கமாக வார்த்த தெர்மகோல். தலை தரையில் மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்கு ஒரு கணம் கூடுதலாகக் கொடுக்கிறது. அதுதான் அதன் முழு வேலை. ஒருமுறை நசுங்கிய இடம் திரும்ப எழும்பாது, அடுத்த அடியைத் தாங்கவும் செய்யாது. மேலே வெல்வெட் பளபளவென்று இருக்க உள்ளே நசுங்கியிருப்பது வெளியில் தெரியவே தெரியாது. அந்தப் பெண் எத்தனை முறை விழுந்தாள், கார் பின்கண்ணாடி வெயிலில் தொப்பி எத்தனை நாள் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தலைக்கவசத்தை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள், இரவலும் வாங்காதீர்கள்.

புதிதாக வாங்கும்போது உள்லேபிளில் தேட வேண்டியவை: பிரிட்டனின் கைட்மார்க் தர முத்திரையோடு 'பிஏஎஸ் 015:2011', அல்லது கைட்மார்க்கோடு 'விஜி1', அல்லது அமெரிக்காவின் எஸ்இஐ முத்திரையோடு 'ஏஎஸ்டிஎம் எஃப்1163' 2015 அல்லது அதற்குப் பிந்தையது, அல்லது 'ஸ்நெல் இ2016' அல்லது அதற்குப் பிந்தையது. முத்திரைக்கு அர்த்தம் உண்டு. வெறும் எண் இருந்தால் ஒரு மாதிரி சோதிக்கப்பட்டது என்று மட்டும் பொருள். முத்திரை இருந்தால் தயாரிப்பையும் வெளியாள் தொடர்ந்து எடுத்துச் சோதிக்கிறார் என்று பொருள். இஎன் 1384இன் புதிய பதிப்புகளும் கடைகளில் உண்டு. அந்த ஆண்டின் போனி கிளப் விதிகளில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். விதிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மாறுகின்றன.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2022 முதல் குதிரையேற்றத் தலைக்கவசங்களைச் சோதித்து நட்சத்திர மதிப்பு கொடுத்து வருகிறது. நேர் அடியோடு, தலை சட்டென்று சுழலும் விசையையும் அதில் அளக்கிறார்கள். மேலே சொன்ன முத்திரையும் இருந்து, அந்தப் பட்டியலில் நல்ல மதிப்பும் இருந்தால் அந்த மாடலை முதலில் தலையில் வைத்துப் பாருங்கள். மிப்ஸ் என்று எழுதியிருப்பது, தலை கொஞ்சம் வழுக்கிச் சுழல இடம் கொடுக்கும் மெல்லிய உள்ளடுக்கு. இருந்தால் நல்லது. ஆனால் மிப்ஸ் உள்ள தொப்பி அவள் தலைக்குப் பொருந்தவில்லை, மிப்ஸ் இல்லாதது கச்சிதமாக உட்காருகிறது என்றால் பொருந்துவதையே எடுங்கள்.

வடிவத்தில் ஒன்று கவனியுங்கள். முன்னால் கெட்டியான விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி வேண்டாம். முகம் குப்புற விழுந்தால் அந்த விளிம்பு தரையில் ஊன்றிக் கழுத்தைப் பின்னால் மடக்கும். திறந்தவெளியில் ஓடித் தாண்டும் கிராஸ் கன்ட்ரி தடைகளுக்கு விளிம்பில்லாத ஸ்கல் கேப்தான் வேண்டும் என்று போனி கிளப் கேட்பது அதனால்தான். உங்கள் மகளிடம் ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கலாம். இருந்தால், வயதும் பொருத்தமும் சரியென்றால், புதிது வாங்கவே வேண்டாம். கறுப்பு அல்லது கருநீல வெல்வெட் உறை ஒன்று வாங்கி அதன்மேல் மாட்டிவிடுங்கள். அதன் விளிம்பு மெத்தென்று மடங்கும். பார்ப்பதற்கு அசல் வேட்டைத் தொப்பி. உறையின் பின்பக்கம் ரிப்பன் முனைகள் இருந்தால் மேல்நோக்கித் தைத்துவிடுங்கள். கீழே தொங்கும் ரிப்பன் குழுவை நடத்துகிறவர்களுக்கும் நாய்களைக் கவனிக்கிறவர்களுக்கும் உரியது.

பொருத்தம் பார்க்கும் முறை: புருவத்துக்கு 2.5 செ.மீ. மேலே டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். தொப்பி தலையில் மட்டமாக, விளிம்பு புருவத்துக்கு ஒன்றரை விரல் மேலே நிற்க வேண்டும். வாரைக் கட்டாமல் அவளைக் குனியச் சொல்லுங்கள். கழன்று விழக் கூடாது. தொப்பியைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். நெற்றித் தோல் கூடவே நகர வேண்டும். தோல் நிற்கத் தொப்பி மட்டும் வழுக்கினால் பெரிது. பத்து நிமிடம் அப்படியே போட்டுவைத்துக் கழற்றிப் பாருங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த கோடு, அங்கே வலி என்றால் அந்த நிறுவனத்தின் அச்சு அவள் தலை வடிவத்துக்கு ஒத்துவராது. அளவைக் கூட்டாமல் வேறு நிறுவனத்துக்குப் போங்கள். நீள்தலைக்காரருக்கு ஒன்று, உருண்டைத் தலைக்கு ஒன்று என்று அச்சுகள் வேறுபடும். பின்னால் இருக்கும் திருகு குமிழும் நாடாவும் தொப்பி நிலையாக நிற்பதற்கு மட்டும். பெரிய தொப்பியைச் சிறிதாக்க அவற்றை நம்பக் கூடாது. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், இரண்டு கூடாது.

நம் பெண்களுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அடர்த்தியான நீண்ட கூந்தலை உச்சியில் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தால் தொப்பி தலையில் உட்காராமல் முடியின் மேல் மிதக்கும். ஒற்றைப் பின்னலாகப் போட்டு, கழுத்தடியில் மடித்து வலைக்குள் முடியச் சொல்லுங்கள். வேட்டையன்று எப்படி முடிவாளோ அப்படியே முடிந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கொண்டை ஊசி, கிளிப், தொங்கும் தோடு, மூக்குத்தி எதுவும் வேண்டாம். சவுரியும் பூவும் அன்று வேண்டவே வேண்டாம்.

தொப்பியில் கேமரா ஒட்ட விடாதீர்கள். போனி கிளப் அதை அனுமதிப்பதில்லை. விழும்போது அந்தக் கட்டி ஒரே புள்ளியில் அழுத்தும். மழையில் நனைந்து வந்தால் அறை வெப்பத்தில் காயவையுங்கள். ரேடியேட்டர் மேல் வைத்தால் தெர்மகோலும் பசையும் கெடும். தலை மோதிய விழுகை ஒன்று போதும், அந்தத் தொப்பியின் ஆயுள் முடிந்தது. விழாவிட்டாலும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். தவறிக் கான்கிரீட்டில் கீழே போட்டாலும் அப்படித்தான்.

சட்டத்தை யாராவது எடுத்துப் பேசுவார்கள். பிரிட்டனில் சாலையில் குதிரையேறும் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் மகளுக்கு 15 என்பதால் அது அவளைக் கட்டுப்படுத்தாது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மண்டையோடு வயது பார்த்து உறுதியாவதில்லை.

அடுத்து பாடி ப்ரொடெக்டர். லேபிளில் பீட்டா (பிரிட்டிஷ் குதிரையேற்ற வணிகச் சங்கம்) 2018, லெவல் 3 என்று இருக்க வேண்டும். நீலமும் கறுப்புமான லேபிள். ஊதா லேபிள் உள்ளது 2009ஆம் ஆண்டின் பழைய தரம். லெவல் 1 குதிரைப் பந்தய ஜாக்கிகளுக்கானது, அதை வாங்கிவிடாதீர்கள். இது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது. தரையில், மரக்கட்டையில் மோதும் அடியையும் லாடத்தின் உதையையும் பரவலாக்கி விலா எலும்பையும் உள்ளுறுப்பையும் காக்கும். கழுத்து மடங்குவதையோ முதுகெலும்பு முறுக்குவதையோ தடுக்காது. 450, 500 கிலோ குதிரை முன்கால் இடறிக் குட்டிக்கரணம் போட்டு மேலே விழுந்தால் எந்தக் கவசமும் முழுதாகக் காக்காது. அதற்கு ஒரே வழி, தாண்ட முடியாத வேலிக்குக் குதிரையை ஓட்டாமல் இருப்பது. பிள்ளைகள் மீட்டில் தாண்டாமல் கேட் வழியாகப் போகும் கூட்டம் பெரும்பாலும் தனியாக இருக்கும். முதல் நாள் அவள் அதோடு போவதே சரி.

இந்த நுரைக்கவசம் உடல் சூட்டில் இளகி உடலோடு படியும். ஆகவே கடையில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து வார்களை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். முன்னால் மேல்விளிம்பு மார்பெலும்பின் உச்சிவரை, கீழ்விளிம்பு கடைசி விலாவுக்கு 2.5 செ.மீ. கீழேவரை. பின்னால் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்புவரை ஏற வேண்டும். சேணத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். பின்புறக் கீழ்விளிம்பு சேணத்தின் பின்மேட்டில் முட்டக் கூடாது. முட்டினால் குதிரை ஒவ்வொரு முறை துள்ளும்போதும் கவசம் மேலேறிக் கழுத்தை இடித்துத் தொப்பியை முன்னால் தள்ளும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் பெரிது. பல சேணக் கடைகளில் பீட்டா பயிற்சி பெற்ற பொருத்துநர்கள் இருக்கிறார்கள். இதற்கென்று பெரும்பாலும் காசு கேட்பதில்லை. முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

டிசம்பர் குளிரில் ஒரு சிக்கல். இரவு முழுக்கக் கார் டிக்கியில் கிடந்த நுரை காலையில் பலகைபோல் விறைத்திருக்கும். அதைப் போட்டால் வார் சரியாக இறங்காது. இரவில் வீட்டுக்குள் வையுங்கள். கவசமே நல்ல சூடு கொடுக்கும், உள்ளே ஒரு ஸ்வெட்டரைக் குறைத்துக்கொள்ளலாம். கோட்டுக்குள் போடுவதென்றால் டுவீட் கோட் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பழைய கோட்டுக் கடையில் அது மலிவாகவே கிடைக்கும்.

கேலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டுக்குள் போட்டால் கறுப்பு விளிம்பு கழுத்தடியில் சற்றுத் தெரியும், அவ்வளவுதான். கோட்டுக்கு மேல் போட்டாலும் பிள்ளைகள் மீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வருவார்கள். களத்தில் மதிப்பைக் கெடுப்பது வேறு: அழுக்கான குதிரை, குழுவை நடத்தும் மாஸ்டருக்குக் காலை வணக்கம் சொல்லாதது, நாய்களின் மேல் குதிரையை விடுவது. உடை சுத்தமாக இருந்தால் கவசம் யார் கண்ணையும் உறுத்தாது. தலையில் வெறும் துணித்தொப்பியோடு வரும் பெரியவர் எவரையாவது அவள் பார்த்தாலும், அவர் முன்மாதிரி அல்ல என்று நீங்களே சொல்லிவையுங்கள்.

ஏர் வெஸ்ட்டின் விஷயம் நுட்பமானது. சேணத்தில் மாட்டிய கயிறு இழுபட்டதும் சிறு சிலிண்டரிலிருந்து கரியமில வாயு பீறிட்டு, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெஸ்ட் உப்பும். ஆள் குதிரையிலிருந்து பிரிந்தால்தான் கயிறு இழுபடும். குதிரையோடு சேர்ந்தே சாய்ந்து விழுந்தால், தரையில் நிற்கும்போது உதை பட்டால், கேட்டில் நெரிபட்டால் அது உப்பவே உப்பாது. மேலே நான் சொன்ன வேட்டைக் கள ஆபத்துகளில் பாதி இந்த வகை. கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் விழுந்தவர்களைப் பற்றி 2019இல் வந்த ஆய்வு ஒன்றில், ஏர் வெஸ்ட் போட்டவர்களிடையே கடுங்காயம் குறைவாக இல்லை, கூடுதலாகவே பதிவாகியிருந்தது. பெரிய தடை தாண்டுகிறவர்கள்தான் அதை அதிகம் போடுகிறார்களோ, வேறு காரணமோ, அந்த ஆய்வை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அது ஒன்றே போதும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை என்பதை மட்டும் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நுரைக்கவசம் அடியில், ஏர் வெஸ்ட் அதற்கு மேல். இதுதான் வரிசை.

பக்கத்து வீட்டு வெஸ்ட்டை வாங்கிக்கொள்வதென்றால் இவற்றைச் சரிபாருங்கள். அளவு அவளுக்கானதாக இருக்க வேண்டும். பெரிய ஆளின் வெஸ்ட் உப்பும்போது சிறிய உடம்பில் இடம் மாறி நிற்கும். சிலிண்டரின் கிராம் அளவு வெஸ்ட்டில் குறித்துள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதன்மேல் அச்சிட்ட எடையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. வாயில் உள்ள தகட்டில் துளை இருந்தால் அது தீர்ந்த சிலிண்டர். திரும்ப மாட்டும்போது இறுதிவரை திருகுங்கள். அரைகுறையாகத் திருகினால் ஊசி தகட்டை எட்டாது, ஆள் விழுந்தும் ஒன்றும் நடக்காது. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். வருடம் தாண்டியிருந்தால் வேண்டாம்.

இறுக்கமான கோட்டுக்குள் அதைப் போடவே கூடாது. உப்ப இடமில்லாமல் நெஞ்சை அழுத்தும். எல்லாவற்றுக்கும் மேலே போடலாம், அல்லது அதற்கென்றே தைத்த நெகிழும் கோட்டுக்குள் போடலாம். கயிற்றை அங்கவடி வாரில் கட்டாமல் சேணத்தின் முன்புறம் அதற்கான வாரில் மாட்டுங்கள். அங்கவடியில் எழுந்து நின்று முன்னால் சாய்ந்தாலும் கயிறு விறைக்காத நீளம் வேண்டும். அதற்கு மேல் நீளம் கூடினால் அவள் தரையைத் தொட்ட பிறகுதான் உப்பும். ஏறி உட்கார்ந்ததும் மாட்டுவது, இறங்கும் முன் கழற்றுவது. இது பழக்கத்தில் வராமல் களத்துக்குப் போகக் கூடாது. மறந்து இறங்கினால் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் வரும், சுற்றியுள்ள இருபது குதிரைகளும் மிரளும். இரண்டு வாரம் வீட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் மாட்டிக் கழற்றிப் பழகட்டும். அந்தக் காப் குதிரைக்கும் சத்தத்தைத் தொலைவிலிருந்து ஒருமுறை கேட்கவைத்தால் நல்லது.

இப்போது அங்கவடி. விழுந்தவளின் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது, இந்த விளையாட்டில் நடக்கக்கூடியவற்றில் மிகக் கொடியது. தலைக்கவசமும் மார்புக்கவசமும் ஒரு அடிக்கானவை. கூட்டம் பாயும் வயலில் இழுபடும்போது அடி நிற்காது. இதைத் தடுக்கும் செலவோ குறைவு. பூட்ஸின் அகலமான இடத்தை அளந்து அதோடு 2.5 செ.மீ. கூட்டுங்கள், அதுதான் அங்கவடியின் உள்ளகலம். குறுகலானால் பாதம் சிக்கும், மிக அகலமானால் முழுப் பாதமும் நழுவி உள்ளே போகும். இரவல் குதிரையின் அங்கவடி வேறொருவர் காலுக்கு வாங்கியது என்பதை மறக்காதீர்கள்.

அங்கவடி வார் தொங்கும் இரும்புக் கொக்கியைச் சேண மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். அதன் நுனியில் மேலே மடங்கும் சிறு கதவு இருக்கும். அது எப்போதும் திறந்தே, அதாவது மட்டமாகவே இருக்க வேண்டும். மூடிவைத்தால் கால் மாட்டியபோது வார் பின்னால் நழுவிக் கழன்று வராது. துருப்பிடித்து இறுகிய கொக்கியைச் சேணக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். கூடவே, விழும்போது தானே திறந்துவிடும் வகை அங்கவடி வாங்குங்கள். ஒரு பக்கம் ரப்பர் வளையம் போட்ட பீகாக் வகை மலிவு, இலேசான பிள்ளைகளுக்குச் சரி. வளையம் குதிரையின் உடலைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். சேற்றிலும் குளிரிலும் ரப்பர் வெடிக்கும், மாற்று வளையம் பையில் இருக்கட்டும். அவள் வளர்ந்த பெண் என்றால் கீலோ காந்தமோ வைத்துத் திறக்கும் வகை உறுதியானது. பூட்ஸுக்குத் தெளிவான குதிகால் வேண்டும், அடிப்பாகம் வழவழவென்று ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆழமான பள்ளம் வெட்டிய வெல்லிங்டன் ரப்பர் பூட்ஸும் மலையேறும் பூட்ஸும் அங்கவடியைக் கவ்விக்கொள்ளும். முழங்கால்வரை வரும் தோல் பூட்ஸ், பக்கத்துக் குதிரையின் உதையையும் கேட் தூணின் உரசலையும் ஓரளவு தாங்கும்.

சில்லறை விஷயங்கள் சில. கையுறை நூல் பின்னியதாக இருந்தால் நனைந்த கடிவாளம் வழுக்காது. இன்னொரு ஜோடியைச் சேண மடிப்புக்கு அடியில் செருகி வைப்பது அங்குள்ளவர்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கம். கழுத்துத் துணியின் ஊசியைப் படுக்கைவசமாகக் குத்துங்கள். நெட்டுக்குத்தாகக் குத்தினால் விழும்போது தொண்டையைப் பார்த்துத் திரும்பும். அந்தத் துணி காயம் கட்டவும் கை தொங்கவிடவும் உதவும். மார்புப் பையில் போன், பேனாக்கத்தி, குளம்பு சுரண்டி எதுவும் வேண்டாம், விழுந்தால் அதுவே விலாவை உடைக்கும். போன் சேணத்தில் அல்ல, அவள் உடம்பில், கைப்பட்டையில் இருக்கட்டும். குதிரை ஓடிவிட்டால் போனும் ஓடிவிடும். அதில் இடத்தை மூன்று சொற்களில் காட்டும் வாட்3வேர்ட்ஸ் செயலி இருந்தால் வயல் நடுவே எங்கே கிடக்கிறாள் என்று அவசர உதவி எண்ணான 999க்குச் சொல்ல முடியும். பெயர், ஒவ்வாமை, உங்கள் எண் எழுதிய அட்டை ஒன்றும் அவளிடம் இருக்கட்டும்.

லெஸ்டர்ஷயர் வேலிகளில் ஹாதார்ன், பிளாக்தார்ன் முள் நிறைய. ஊடே புகுந்து போகும்போது முன்னால் போகிறவர் தள்ளிய கிளை பின்னால் வருகிறவர் முகத்தில் அறையும். நிறமில்லாத, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடட்டும். பிளாக்தார்ன் முள் முழங்காலிலோ விரல் மூட்டிலோ ஏறி ஒடிந்து, பிறகு வீங்கி வலித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிய குதிரை உதைக்கும் குதிரை. பச்சை ரிப்பன் என்றால் அனுபவமில்லாத இளங்குதிரை. எந்த ரிப்பனும் இல்லாவிட்டாலும் முன்குதிரைக்குப் பின்னால் ஒரு குதிரை நீளம் விட்டே நிற்க வேண்டும், கேட்டில் எவ்வளவு நெரிசல் என்றாலும். புறப்பட்டு இருபது நிமிடத்தில் சேண வாரை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். ஓடிச் சூடான குதிரையின் வயிறு ஒட்டும், வார் தளரும், சேணம் சுழலும்.

திரும்பும் வழிக்கென்று தனிப் பை ஒன்று உங்கள் காரில் இருக்கட்டும். ஒளிரும் மேலங்கி, குதிரையின் கால்களுக்குக் குளம்பு மூட்டுக்கு மேலே கட்டும் ஒளிப்பட்டை, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் காட்டும் விளக்கு. விளக்கை அவளுடைய வலக்கையிலோ வலது பூட்ஸிலோ கட்ட வேண்டும், கார் வரும் பக்கம் அதுதான். ஆனால் மூன்று மணிக்கே டிரெய்லரில் ஏற்றி வந்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட மேல். களைத்த குதிரையும் களைத்த பிள்ளையும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளுக்கு இரண்டு மணி நேரம் தாராளம்.

காசை ஒரேயடியாகச் செலவழிக்க முடியாவிட்டால் என் வரிசை இது: தலைக்கவசம், அங்கவடியும் பூட்ஸும், பாடி ப்ரொடெக்டர். இந்த மூன்றும் ஆகாமல் களத்துக்கு வேண்டாம், காத்திருக்கலாம். பல நூறு பவுண்ட் ஆகும் ஏர் வெஸ்ட் அதற்குப் பிறகு.

விழுந்துவிட்டால்: கழுத்து வலி, நினைவு தப்புதல், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பார்வை இரண்டாகத் தெரிதல், கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 999. ஆளை அசைக்கக் கூடாது, தொப்பியையும் கழற்றக் கூடாது. வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேச்சில் குழப்பம், மந்தம், 'என்ன நடந்தது' என்று இரண்டாம் தரம் கேட்கிறாள் என்றால் அதுவும் அவசரம்தான், உடனே மருத்துவமனையில் காட்டுங்கள். இவை எதுவும் இல்லை, ஆனால் இலேசான தலைவலி, தலைச்சுற்றல் மட்டும் என்றாலும் அன்று மீண்டும் குதிரை ஏற்றாதீர்கள். 'விழுந்த உடனே ஏறிவிட வேண்டும்' என்று அன்போடு சொல்கிறவர்கள் இருப்பார்கள். மறுத்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் மருத்துவ உதவி எண்ணான 111ஐ அழைத்து ஆலோசனை பெறுங்கள். பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி மூளை அதிர்ச்சிக்குப் பிறகு குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது. தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குக்கூட அறிகுறியில்லாமல் 14 நாள் கழிய வேண்டும். டிசம்பர் 28இல் விழுந்தால் ஜனவரி 18வரை வேட்டை இல்லை. பள்ளியில் நெட்பாலும் இல்லை. விளையாட்டு ஆசிரியருக்கு அன்றே எழுதிவிடுங்கள், அவளாகச் சொல்ல மாட்டாள்.